செனான் ஹெட்லைட்: நீண்ட நாள் ஓட்டிய பிறகு

முன்பு என்னிடம் இருந்தது சாதாரண ஹாலஜன் விளக்கு உள்ள கார். அதைக் கொடுத்துவிட்டு, தயாரிப்பாளரே செனான் (செனான் வாயு அடைத்த பல்பு உள்ள ஹெட்லைட்) பொருத்தி அனுப்பிய கார் ஒன்றைத் தேடி வாங்கினேன். சிங்கப்பூரில் கார் வைத்திருக்கத் தேவையான சிஓஇ சான்றிதழைப் புதுப்பித்து இன்றும் அதையே ஓட்டுகிறேன். அதனால் புது விளக்கைப் பற்றி மட்டுமல்ல, வயதான விளக்கைப் பற்றியும் என்னால் சொல்ல முடியும்.

எச்7 ஹாலஜன் பல்பு 55 வாட்டில் சுமார் 1,500 லூமன் (வெளிச்சத்தின் அளவு) வெளிச்சம் தரும். டி2எஸ் செனான் பல்பு 35 வாட்டிலேயே சுமார் 3,200 லூமன் தரும். தீவு விரைவுச்சாலையில் இந்த வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது, தெருவிளக்கே போதும். ஊருக்கு ஒதுக்குப்புறமான லிம் சூ காங் பக்கம் இரவில் போய்ப் பாருங்கள், தெரியும். அதைவிட, பத்துமலைக்குப் போகும் வழியில், மலேசிய வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையின் விளக்கில்லாத பகுதிகளில் நன்றாகவே தெரியும். ஓரக்கோடும், இடப்பக்கம் ஒதுங்கி நிற்கும் லாரியும் முன்கூட்டியே கண்ணில் பட்டுவிடும். இரவில் ஓட்டத் தயங்கும் என் மனைவி இப்போது பாதித் தூரம் தானே ஓட்டுகிறார்.

ஆனால் ஹாலஜன் விளக்குக்குள் செனான் பல்பை மட்டும் மாட்டும் கிட் வேண்டவே வேண்டாம். ஹாலஜன் ரிஃப்ளெக்டரின் வளைவு, அந்தப் பல்பின் இழை இருக்கும் இடத்தைக் கணக்கிட்டுச் செய்தது. செனானில் இழையே கிடையாது, இரண்டு முனைகளுக்கு நடுவே மின்வில் எரிகிறது. அதன் வடிவமும் வேறு. அதனால் வெளிச்சம் சிதறி எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். என் காரில் புரொஜெக்டர் லென்ஸ் மேல்பக்க வெளிச்சத்தைக் கோடு போட்டதுபோல் வெட்டிவிடுகிறது. பின்சீட்டில் ஆள், டிக்கியில் மூட்டை என்று காரின் மூக்கு தூக்கினால், சென்சார் அதை உணர்ந்து விளக்கைத் தானே தாழ்த்துகிறது. 2,000 லூமனுக்கு மேல் போனால் விளக்கின் உயரத்தைத் தானே சரிசெய்யும் அமைப்பும், விளக்கைக் கழுவும் அமைப்பும் வேண்டும் என்று ஐரோப்பிய விதிகள் கேட்டது இதற்காகத்தான். அடுத்தவர் கண்ணைக் கூசவைத்துக் கிடைக்கும் வெளிச்சம் யாருக்கும் பாதுகாப்பு இல்லை. விளக்கில் எதை மாற்றுவதாக இருந்தாலும், முதலில் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதியைப் படித்துவிடுங்கள்.

வெளிநாட்டிலிருந்து பழைய ஹெட்லைட் செட் வரவழைப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். ஜெர்மனி போன்ற வலப்பக்கம் ஓட்டும் நாட்டு விளக்கு, வெளிச்சத்தை வலப்பக்கமாக உயர்த்தும். இங்கே அந்தப் பக்கம்தான் எதிர் வண்டி வருகிறது.

வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் எண்ணால் சொல்வார்கள், எண் கூடினால் நீலம் கூடும். 4,300 கெல்வின்தான் என் தேர்வு. 6,000 நீலமாகப் பளிச்சென்று தெரியும், ஆனால் வெளிச்சம் குறைவு. நம் ஊர் அடைமழையில், ஈரச்சாலையில் அது எனக்கு எடுபடவில்லை.

செனான் பல்பு பொட்டென்று அணையாது, மெல்ல மங்கும். நிறம் இளஞ்சிவப்பாகவோ ஊதாவாகவோ மாறத் தொடங்கினால் காலம் நெருங்கிவிட்டது என்று அர்த்தம். எனக்கு முதலில் இடப்பக்கம்தான் மாறியது. இரண்டையும் சேர்த்தே மாற்றினேன், இல்லாவிட்டால் இரண்டு பக்கமும் இரண்டு நிறமாக இருக்கும். அடிக்கடி போட்டு அணைப்பதும் ஆயுளைக் குறைக்கும். பகலில் சுரங்கச்சாலைகளில் நுழைந்து நுழைந்து வெளியேறும் நமக்கு இது பொருந்தும். அதற்காக உள்ளே விளக்கைப் போடாமல் இருக்கக் கூடாது, பல்பு போனால் போகட்டும்.

மாற்றும் வேலையைப் பழக்கமுள்ள ஒர்க்‌ஷாப்பிடம் விடுங்கள். பற்றவைக்கும் நொடியில், பல்புக்கு மின்சாரம் தரும் பாலாஸ்ட் கருவி இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் தரும். டி2எஸ் இடத்தில் பாதரசம் இல்லாத டி4எஸ் வேலை செய்யாது, மின்னழுத்தமே வேறு.

அப்புறம், வெளிச்சம் குறைந்தால் உடனே பல்பைக் குறை சொல்லாதீர்கள். புளோக்கின் திறந்த கார்பார்க்கில் வெயிலில் நின்று நின்று என் விளக்கின் பிளாஸ்டிக் மூடி மஞ்சளாகிவிட்டது. பாலிஷ் போட்டதும் பாதி வெளிச்சம் திரும்பியது போல இருந்தது. பாலிஷ் போட்டால் புறஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சும் போய்விடும், அதை மறுபடி பூசச் சொல்லிக் கேளுங்கள். கேட்காவிட்டால் பல இடங்களில் பூசுவதில்லை.