பவுல் ஆட்டத்தில் இறங்குவதா, ஒதுங்குவதா? டிராஃப்ட் வாசலில் நிற்கும் வீரரின் கணக்கு

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து உலகில் டிசம்பர் பிறந்தால் ஒவ்வோர் ஆண்டும் இதே வாதம் தொடங்கிவிடுகிறது. தொழில்முறைக் கால்பந்துத் தொடரான என்.எஃப்.எல்.லின் அணிகள் கல்லூரி வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு டிராஃப்ட். ஏப்ரலில் நடக்கும் அந்த டிராஃப்டில் முன்வரிசையில் எடுக்கப்படுவார் என்று பேசப்படும் ஒரு வீரர், சீசனின் கடைசியில் அழைக்கப்பட்ட இரு கல்லூரி அணிகள் மோதும் பவுல் ஆட்டத்தில் களமிறங்க வேண்டுமா, அல்லது உடலைக் காத்துக்கொண்டு டிராஃப்டுக்குத் தயாராக வேண்டுமா என்பதே கேள்வி. நான் ஓஹையோ ஸ்டேட் அணியின் ரசிகன். 2021 டிசம்பரில் அந்த அணியின் இரு முன்னணி ரிசீவர்களான (எறியப்படும் பந்தைப் பிடிப்பவர்கள்) காரெட் வில்சனும் கிறிஸ் ஓலாவேயும் ரோஸ் பவுலில் ஆடப்போவதில்லை என்று அறிவித்தபோது, ஏதாவது ஒரு பக்கம் நின்றே ஆகவேண்டிய நிலை எனக்கும் வந்தது. அவர்கள் பக்கம் நின்றேன், இன்றும் அங்கேயே நிற்கிறேன். ஆகவே இது நடுநிலையான அலசல் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன்.

இங்கே நான் பேசுவது பெரும்பாலும் தேசியப் பட்டத்துக்கான பிளேஆஃபில் சேராத பவுல் ஆட்டங்களைப் பற்றியே. இவற்றின் தொடக்கம் 1902இல் பாசடீனா நகரில் நடந்த ஆட்டம்; ஊரின் புத்தாண்டு விழாவுக்குக் கூட்டம் சேர்க்கும் காட்சி ஆட்டமாகத்தான் அது பிறந்தது. 1960களின் பிற்பகுதி வரை, ஓரிரு விதிவிலக்குகள் தவிர, பத்திரிகையாளர்களின் இறுதித் தரவரிசையே பவுல் ஆட்டங்களுக்கு முன்பு வெளியாகிவிடும். 2002 வரை இந்த ஆட்டங்களில் எடுத்த கஜங்களும் புள்ளிகளும் கல்லூரி விளையாட்டுகளை ஆளும் அமைப்பான என்.சி.ஏ.ஏ.வின் அதிகாரபூர்வப் புள்ளிவிவரங்களில்கூடச் சேர்க்கப்படவில்லை. இப்படி ஆட்சியாளர்களே நூற்றாண்டுக் காலம் கணக்கில் சேர்க்காமல் வைத்திருந்த ஓர் ஆட்டத்தை, வீரர் விலகும்போது மட்டும் புனிதக் கடமை என்று சொல்வது எனக்குக் கொஞ்சம் வேடிக்கையாகவே இருக்கிறது.

களமிறங்குவதற்கான காரணங்கள் எல்லோரும் அறிந்தவை. மூன்று நான்கு ஆண்டுகள் ஒன்றாக வியர்வை சிந்திய தோழர்களுடன் கடைசியாக ஒருமுறை ஆடலாம், நாடு முழுவதும் தொலைக்காட்சியில் பார்க்கும், மூத்த வீரர்களுக்கு அது விடைபெறும் மேடை. இவற்றை நான் மறுக்கவில்லை. வீரர்களின் உடைமாற்றும் அறைக்குள் இருந்து பழகிய அனுபவம் எனக்கு இல்லை என்பதால், அந்தத் தோழமையின் எடையைக் கூட்டியோ குறைத்தோ சொல்லவும் விரும்பவில்லை. ஆனால் இவற்றையெல்லாம் ஒரு தட்டில் வைத்த பிறகும், மறு தட்டில் இருக்கும் ஒரே ஒரு விஷயம் தராசைச் சாய்த்துவிடுகிறது. அது, காயம் பட்டால் இழப்பை யார் சுமக்கிறார்கள் என்பது.

என்.எஃப்.எல்.லில் புதிய வீரரின் முதல் ஒப்பந்தம் பேரம் பேசி முடிவாவதில்லை. 2011இல் அணி உரிமையாளர்களுக்கும் வீரர் சங்கத்துக்கும் இடையே ஏற்பட்ட உடன்பாட்டுக்குப் பிறகு, டிராஃப்டில் எத்தனையாவது ஆளாக எடுக்கப்பட்டார் என்ற எண்ணே நான்காண்டுச் சம்பளத்தைக் கிட்டத்தட்ட முழுமையாகத் தீர்மானிக்கிறது. மேல் வரிசையில் படிகள் மிகவும் செங்குத்தானவை. 2016 டிராஃப்டில் டல்லாஸ் அணி நான்காவதாக எடுத்த ஓஹையோ ஸ்டேட்டின் எசக்கியேல் எலியட்டுக்குக் கிடைத்தது ஏறத்தாழ 2.5 கோடி டாலர். அதே ஆண்டு, அதே டல்லாஸ் அணி, 34ஆவது ஆளாக எடுத்த நோட்ரே டேம் கல்லூரியின் லைன்பேக்கர் (தடுப்பு வீரர்) ஜேலன் ஸ்மித்துக்குக் கிடைத்தது ஏறத்தாழ 65 லட்சம் டாலர். ஸ்மித்தும் முதல் ஐந்து இடங்களுக்குள் வருவார் என்றே அந்தச் சீசன் முழுவதும் பேசப்பட்டிருந்தது. இடையில் நடந்தது, 2016 ஜனவரி 1 அன்று எங்கள் அணிக்கு எதிராக அவர் ஆடிய ஃபியஸ்டா பவுல். அதில் அவருடைய இடது முழங்காலின் இரண்டு தசைநார்கள் கிழிந்தன, பாதத்தை உயர்த்தும் நரம்பும் பாதிக்கப்பட்டது. முதல் என்.எஃப்.எல். சீசன் முழுவதும் அவரால் ஆட முடியவில்லை. ஆட்டத்தில் ஓஹையோ ஸ்டேட் 44-28 என்று வென்றது. அந்த வெற்றியால் எந்தப் பட்டமும் வரவில்லை.

“அதற்குத்தான் காப்பீடு இருக்கிறதே” என்று சொல்பவர்கள் இந்த இடத்தைக் கூர்ந்து பார்க்க வேண்டும். டிராஃப்ட் மதிப்பு சரிந்தால் ஈடு தரும் காப்பீடு ஸ்மித்திடம் இருந்தது. அதிலிருந்து அவருக்கு வந்ததாகச் செய்திகள் சொன்ன தொகை சுமார் 9 லட்சம் டாலர். போன தொகையோடு ஒப்பிட்டால் அது அரைக்கால் பங்குகூடத் தேறாது. இத்தகைய காப்பீடுகள் பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட வரம்புக்குக் கீழே இறங்கினால்தான் பணம் தரத் தொடங்கும்; மிகப் பெரிய இழப்பு ஏற்படும் மேல்படிகள் அந்த வரம்புக்கு வெளியே நின்றுவிடுகின்றன. அதே ஆண்டு டிசம்பர் 30 அன்று ஆரஞ்ச் பவுலில் முழங்கால் தசைநார் கிழிந்த மிச்சிகன் வீரர் ஜேக் பட், ஐந்தாவது சுற்று வரை சரிந்தார். காப்பீட்டிலிருந்து அவருக்குக் கிடைத்ததாகச் சொல்லப்பட்டது சுமார் 5.4 லட்சம் டாலர். ஆடியதற்காக வருந்தவில்லை என்று அவர் வெளிப்படையாகச் சொன்னார், அதை மதிக்கிறேன். ஆனால் வருந்தாமல் இருப்பது அவருடைய உரிமை, அதையே அடுத்தவரின் கடமையாக்க முடியாது.

ஒரு நேர்மையான குறிப்பும் வேண்டும். பவுல் ஆட்டத்தில் ஆடும் முன்னணி வீரர்களில் பெரும்பாலோர் காயமின்றித்தான் திரும்புகிறார்கள், காயம் படும் வாய்ப்பு சிறியதே. காயம் பட்ட எல்லோரும் அழிந்துபோவதும் இல்லை. ஸ்மித்தே பிறகு எழுந்து வந்து, 2019இல் டல்லாஸுடன் பெரிய நீட்டிப்பு ஒப்பந்தம் செய்துகொண்டார். 2022 சுகர் பவுலில் கணுக்காலில் அடிபட்ட ஓலே மிஸ் கல்லூரியின் குவாட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) மேட் கோரல் 94ஆவது இடத்துக்கு இறங்கியதற்குக் கணுக்கால் மட்டுமே காரணம் என்று என்னால் சொல்ல முடியாது. அந்த ஆண்டு குவாட்டர்பேக்குகளையே அணிகள் பெரிதாக விரும்பவில்லை, முதல் சுற்றில் எடுக்கப்பட்டவர் ஒருவர்தான். அந்த ஒருவரான கென்னி பிக்கெட் தன் பவுல் ஆட்டத்தைத் தவிர்த்தவர் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். என் வாதம் காயத்தின் வாய்ப்பைப் பற்றியது அல்ல, அதன் அளவைப் பற்றியது. ஓர் ஆட்டத்தின் இழப்பு வாழ்நாள் வருமானத்தையே மாற்றிவிடக்கூடியது என்றால், அந்தப் பந்தயத்தை மறுப்பவரைக் கோழை என்று அழைக்க எனக்கு நா எழவில்லை.

ஒதுங்கினால் என்.எஃப்.எல். அணிகள் முகம் சுளிக்குமோ என்ற பயம் ஒருகாலத்தில் இருந்தது. 2016 டிசம்பரில் லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகமான எல்.எஸ்.யு.வின் லெனர்ட் ஃபோர்னெட்டும் ஸ்டான்ஃபோர்டின் கிறிஸ்டியன் மெக்காஃப்ரியும் துணிந்து ஒதுங்கியபோது அந்தக் கேள்விக்கு விடை கிடைத்தது. அடுத்த ஏப்ரலில் ஒருவர் நான்காவதாகவும் மற்றவர் எட்டாவதாகவும் எடுக்கப்பட்டார்கள். எங்கள் அணியில் 2017 காட்டன் பவுலைத் தவிர்த்த கார்னர்பேக் (தடுப்பு வீரர்) டென்சல் வார்டு நான்காவது. 2022 ரோஸ் பவுலைத் தவிர்த்த வில்சனும் ஓலாவேயும் பத்தாவது, பதினொன்றாவது. 2023 காட்டன் பவுலைத் தவிர்த்த மார்வின் ஹாரிசன் ஜூனியர் மீண்டும் நான்காவது. மனிதர்களைச் சலித்தெடுத்து விலை வைப்பதே தொழிலாகக் கொண்ட அணிகள் இதை ஒரு குறையாகவே பார்க்கவில்லை.

இனி விசுவாசம். 2022 புத்தாண்டு நாளில், ஓஹையோ ஸ்டேட்டின் முன்னாள் குவாட்டர்பேக்கும் இன்றைய வர்ணனையாளருமான கர்க் ஹெர்ப்ஸ்ட்ரீட், இந்தத் தலைமுறை வீரர்களுக்குக் கால்பந்தின் மீது பற்று இல்லை என்ற பொருள்பட நேரலையில் பேசினார். நான் மதிக்கும் வர்ணனையாளர்தான், ஆனாலும் இங்கே உடன்பட முடியவில்லை. ஒரு மாதம் முன்புதான் நோட்ரே டேமின் பயிற்சியாளர் பிரையன் கெல்லி, 11 வெற்றி ஒரு தோல்வியோடு பிளேஆஃப் வாய்ப்புக்குக் காத்திருந்த தன் அணியை விட்டு, பத்தாண்டுக்கு 9.5 கோடி டாலர் ஒப்பந்தத்தில் எல்.எஸ்.யு.வுக்குப் போயிருந்தார். அவரில்லாமல் ஆடிய அணி ஃபியஸ்டா பவுலில் 37-35 என்று தோற்றது. பயிற்சியாளர் போனால் அது தொழில் வளர்ச்சி, வீரர் போனால் அது துரோகம் என்ற இரட்டை அளவுகோலை நான் ஏற்பதில்லை. பல்கலைக்கழகங்களும் இதற்கு விலக்கல்ல. 2025 டிசம்பரில் பிளேஆஃபில் இடம் கிடைக்காத நோட்ரே டேம், பவுல் ஆட்டமே வேண்டாம் என்று முழு அணியையும் விலக்கிக்கொண்டது. நிர்வாகமே ஒதுங்கலாம் என்றால் தனி வீரரிடம் விசுவாசப் பத்திரம் கேட்பதற்கு என்ன இருக்கிறது?

மிஞ்சுவது சக வீரர்களுக்குச் செய்ய வேண்டிய கடன். இது கனமான வாதம். 2023இல் ஒரு தோல்வியும் இல்லாமல் பிளேஆஃபுக்கு வெளியே நிறுத்தப்பட்ட ஃபுளோரிடா ஸ்டேட், இருபதுக்கும் மேற்பட்ட வீரர்கள் இல்லாமல் ஆரஞ்ச் பவுலுக்குப் போய் ஜார்ஜியாவிடம் 63-3 என்று நசுங்கியது. எஞ்சியிருந்த இளைஞர்களுக்கு அது கொடுமையான மாலை. ஆனால் அந்த அளவுக்கு ஓர் அணி காலியாவதற்கு டிராஃப்டுக்குப் போகிறவர்கள் மட்டும் காரணமல்ல, காயங்களும் வேறு கல்லூரிக்கு மாறுகிறவர்களும் சேர்ந்தே காரணம். கல்லூரி மாறுகிறவர்களுக்கு என் வாதம் அவ்வளவு எளிதாகப் பொருந்தாது. அவர்கள் இழக்கப்போவது டிராஃப்ட் இடம் அல்ல, புது இடத்தில் கிடைக்கும் முந்துரிமைதான்.

மறுபுறம், காலியாகும் இடம் வேறொருவருக்கு வாசலாகவும் அமைகிறது. வில்சனும் ஓலாவேயும் இல்லாத அந்த ரோஸ் பவுலில் ஜாக்சன் ஸ்மித்-என்ஜிக்பா 15 பந்துகளைப் பிடித்து 347 கஜம் எடுத்தார். அதுவரை பெரிய வாய்ப்பே கிடைக்காத முதலாண்டு மாணவர் ஒருவர் மூன்று டச்டவுன்கள் (எதிரணியின் எல்லைக்குள் பந்தைச் சேர்ப்பது) அடித்தார். யூட்டாவை 48-45 என்று வென்ற அந்த ஆட்டத்தை மறக்க முடியாது. அந்த முதலாண்டு மாணவர்தான் மார்வின் ஹாரிசன் ஜூனியர். இரண்டு ஆண்டு கழித்து அவரே ஒதுங்கியபோது, தான் நுழைந்த அதே வாசலைப் பின்னால் வருபவருக்குத் திறந்துவிட்டுப் போனார். அந்தக் காட்டன் பவுலில் எங்கள் அணி மிசூரியிடம் 14-3 என்று மிக மோசமாகத் தோற்றது என்பதும் உண்மைதான், இளையவர்கள் எப்போதும் ஜொலித்துவிடுவதில்லை.

எல்லோருக்கும் ஒதுங்குவதே சரி என்று நான் சொல்லவில்லை. மூன்றாவது சுற்றுக்குப் பின் வருவார் என்று கருதப்படுபவருக்கும், டிராஃப்டில் பெயர் வருமா என்றே தெரியாதவருக்கும் கணக்கு தலைகீழ். அங்கே படிகளுக்கு இடையிலான சம்பள வித்தியாசம் சிறியது. வலிமையான எதிரணிக்கு எதிராக ஒரு நல்ல ஆட்டத்தின் காணொளிப் பதிவு பல இடங்கள் முன்னே தள்ளக்கூடும். அப்படிப்பட்டவர் ஒதுங்கினால் அது விவேகமல்ல, பெரிய வீரர்களைப் பார்த்துச் செய்யும் பாவனை.

பிளேஆஃபும் வேறு கதை. 2003 ஜனவரியில் தேசியப் பட்டத்துக்கான ஆட்டத்தில், அதுவும் எங்கள் அணிக்கு எதிராகத்தான், மயாமியின் வில்லிஸ் மெகாஹீயின் முழங்கால் நொறுங்கியது. அவர் ஆடியிருக்கவே கூடாது என்று இன்றுவரை யாரும் வாதிட்டு நான் கேட்டதில்லை. 2022இல் தொடைக் காயத்தோடு சீசனைக் கழித்த ஸ்மித்-என்ஜிக்பா பிளேஆஃபில் ஆட மாட்டார் என்று அறிவித்தபோது ரசிகர்களிடையே கசப்பு எழுந்தது. அவருடைய காயத்தின் உண்மை நிலையை வெளியிலிருந்து தீர்ப்பளிக்க நான் ஆளில்லை. முழு உடல் நலத்தோடு இருக்கும் ஒருவர் பட்டத்துக்கான ஆட்டத்தை விட்டுப் போனால் மட்டும் எனக்கும் மனம் ஒப்பாது. எமெகா எக்புகா, ஜாக் சாயர் போன்றவர்கள் 2024 டிராஃப்டுக்குப் போயிருக்கலாம். போகாமல் இன்னோர் ஆண்டு தங்கி, 2025 ஜனவரி 20 அன்று நோட்ரே டேமை 34-23 என்று வீழ்த்திப் பட்டம் வாங்கித் தந்தார்கள். பட்டம் கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருந்தால் வீரர்கள் தாமாகவே தங்குகிறார்கள்.

நடுவழி ஒன்றும் முளைத்திருக்கிறது. 2024 டிசம்பரில் கொலராடோவின் டிராவிஸ் ஹன்டரும் ஷடூர் சாண்டர்ஸும் காப்பீட்டோடு அலமோ பவுலில் ஆடினார்கள். அதே நாளில் மயாமியின் கேம் வார்டு முதல் பாதி மட்டும் ஆடி, டச்டவுன் எறிவில் சாதனை படைத்துவிட்டு, இரண்டாம் பாதியில் உட்கார்ந்துகொண்டார். மயாமி 42-41 என்று தோற்றது, அவரோ டிராஃப்டில் முதல் ஆளாக எடுக்கப்பட்டார். இந்தப் பாதி ஏற்பாடு எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. முதல் பாதியிலும் முழங்கால் அதே முழங்கால்தான். அணியும் எந்தக் குவாட்டர்பேக்கை நம்பித் திட்டமிடுவது என்று தெரியாமல் தவிக்க நேரிடும். முழுதாக ஆடுவது, அல்லது பயிற்சி தொடங்கும் முன்பே தெளிவாகச் சொல்லி விலகுவது, இரண்டில் ஒன்றே அணிக்கும் மரியாதை.

என் நிலைப்பாட்டை அசைக்கக்கூடிய ஒரு மாற்றம் வந்திருக்கிறது. 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற சமரசத்தின்படி, கல்லூரிகள் வீரர்களுக்கு நேரடியாகவே பணம் தரலாம். முதல் ஆண்டுக்கு ஒரு கல்லூரிக்கான உச்சவரம்பு 2.05 கோடி டாலர். உதவித்தொகைக்கு மட்டும் ஆடிய காலத்தில் “நீ கடன்பட்டிருக்கிறாய்” என்ற வாதத்துக்கு வலுவில்லை. கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் பவுல் ஆட்டமும் சேர்ந்து, அதற்கென்று ஒரு தொகையும் எழுதப்பட்டிருந்தால், ஒதுங்குபவர் அந்தத் தொகையைத் துறக்கத்தான் வேண்டும். அப்படி எழுதும் கல்லூரி, காயத்தால் சரியும் டிராஃப்ட் மதிப்பை முதல் படியிலிருந்தே ஈடுகட்டும் காப்பீட்டையும் தன் செலவில் எடுத்துத் தருமானால், முதல் சுற்று வீரரிடம்கூட “போய் ஆடு” என்று சொல்ல நான் தயாராக இருக்கிறேன்.