வேர்க்குழலைக் கழுவும் மருந்துகள்: எதற்கு முதலிடம்?

ரூட் கெனால் சிகிச்சையில் (பல்லின் வேர்க்குழலைச் சுத்தம் செய்து அடைக்கும் சிகிச்சை) ஃபைல் என்னும் அரம் போன்ற மெல்லிய கருவி எவ்வளவு நுட்பமாகச் சுழன்றாலும், வேர்க்குழலின் சுவரில் கணிசமான பகுதியை அது தொடுவதே இல்லை. கிளைக்குழல்களில் பதுங்கியிருக்கும் கிருமிகளைக் கழுவுநீர்தான் தேடிச் சென்று அழிக்க வேண்டும். எனவே மருத்துவமனைக்குக் கருவி வாங்கும்போது காட்டும் அக்கறையைக் கழுவுநீரைத் தேர்ந்தெடுப்பதிலும் காட்ட வேண்டும் என்பது பல் மருத்துவனாக என் உறுதியான கருத்து.

நான் முதலிடம் தருவது சோடியம் ஹைப்போகுளோரைட்டுக்கு. முதல் உலகப் போரில் வீரர்களின் காயங்களைக் கழுவ ஹென்றி டேக்கின் 0.5 சதவீத அளவில் பயன்படுத்திய இந்தக் கரைசல், இன்று பல் சிகிச்சையில் 0.5 முதல் 6 சதவீதம் வரை பயன்படுகிறது. கிருமிகளைக் கொல்வதோடு அழுகிய பற்கூழையும் (பல்லின் உள்ளே இருக்கும் மென்திசு) கரைத்துவிடுவதே இதன் பெருஞ்சிறப்பு. செறிவு கூடினால் கரைக்கும் வேகம் கூடும் என்றாலும், வேர்நுனியைத் தாண்டிக் கசிந்தால் விளையும் கேடும் கூடும் என்பதால், நான் 3 சதவீதக் கரைசலையே அடிக்கடி புதிதாகச் செலுத்துகிறேன். வெயிலும் வெப்பமும் பட்டால் இதன் வீரியம் குறையும். ஒளி புகாத புட்டியில், குளிர்ந்த இடத்தில் வைக்க வேண்டும்.

2 சதவீதக் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி பல்திசுவில் ஒட்டிக்கொண்டு நெடுநேரம் செயல்படுகிறது, நெடியும் இல்லை. முன்பு தோல்வியடைந்த வேர்க்குழல்களில் அடிக்கடி காணப்படும் எண்டிரோகாக்கஸ் ஃபீகாலிஸ் என்ற பாக்டீரியா மீதும் இது நன்றாக வேலை செய்கிறது. ஆனால் திசுவைக் கரைக்கும் ஆற்றல் இதற்கு அறவே இல்லாததால், ஹைப்போகுளோரைட் ஒவ்வாத நோயாளிகளுக்கே இதை முதன்மையாகப் பயன்படுத்துகிறேன். இரண்டும் குழலுக்குள் கலந்தால் பழுப்பு நிற வீழ்படிவு உண்டாகிப் பல்லில் கறை படியும், நுண்குழல்களும் அடைபடும். ஆகவே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுமுன் சலைனால் நன்கு அலசிக் குழலை உலர்த்துவது கட்டாயம்.

17 சதவீத இ.டி.டி.ஏ. என்ற, சுண்ணச்சத்தைக் கரைக்கும் திரவம் இவற்றுக்குப் போட்டியன்று, துணை. ஃபைல் செய்யும்போது சுவரில் படியும் துகள் படலத்தை ஒரு நிமிடத்தில் அகற்றிவிடும். ஆனால் ஹைப்போகுளோரைட்டோடு கலந்தால் அதன் கிருமிகொல்லும் குளோரினை வீணாக்கிவிடும்.

மாணவப் பருவத்தில், ஹைப்போகுளோரைட் வேர்நுனிக்கு அப்பால் கசிந்து ஓர் அம்மாவின் கன்னம் நிமிடங்களில் வீங்கியதைக் கண்டேன்; அந்த வலி இன்றும் கண்முன் நிற்கிறது. அன்றிலிருந்து பக்கவாட்டுத் துளையுள்ள, மிக மெல்லிய 30 கேஜ் ஊசியை, குழலில் இறுகாதபடி, வேர்நுனிக்கு முன்பே நிறுத்தி, மெதுவாகவே அழுத்துகிறேன். பல்லை வாயின் பிற பகுதியிலிருந்து தனிப்படுத்தும் ரப்பர் டேம் விரிப்பைக் கட்டாமல் ஹைப்போகுளோரைட் புட்டியைத் திறப்பதில்லை.