பைப்சா மென்பொருள்: காற்று ஓயும் வாரத்துக்கும் கணக்குப் போடுமா?

மின்தேவை ஆண்டுதோறும் ஏறிவரும்போது, எத்தனை மெகாவாட் காற்றாலை, எவ்வளவு சூரியமின் திறன், எவ்வளவு பேட்டரி, எந்தத் தடத்தில் புதிய மின்தொடர் என்று தீர்மானிக்க விரிதாள் போதாது. இந்த வேலைக்கென்றே பைதான் நிரல்மொழியில் எழுதப்பட்ட பைப்சா, யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் அனுமதிக்கும் எம்ஐடி உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஃபிராங்க்ஃபர்ட்டில் தொடங்கிய இதனை இப்போது பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்குழு பராமரித்து வருகிறது.

ஓர் ஆண்டின் 8,760 மணி நேரத்துக்கும் உற்பத்தியும் தேவையும் சமன்படும்படி, புதிய நிலையங்களின் முதலீட்டையும் அன்றாட இயக்கச் செலவையும் ஒரே கணக்கில் வைத்து மொத்தச் செலவை இது குறைக்கிறது. இந்தக் கணக்கைத் தீர்த்துத் தரும் நிரல்களில், ஹைஸ் என்ற இலவச நிரலே சிறிய மாதிரிகளுக்குப் போதுமானது. மின்வலையில் நூற்றுக்கணக்கான முனைகள் (இணைப்புப் புள்ளிகள்) என்றால் நினைவகமும் பொறுமையும் நிறைய வேண்டும்.

இதன் பெரும்பலம் வானிலையைக் கையாளும் விதம். துணைக் கருவியான அட்லைட், 1940 முதல் மணிவாரியாகக் கிடைக்கும் ஈஆர்ஏ5 என்ற உலகளாவிய வானிலைத் தரவிலிருந்து காற்று, சூரிய உற்பத்தியைக் கணித்துத் தருகிறது. அதே தரவின் வெப்பநிலையைக் கொண்டே தேவையையும் மதிப்பிடுவது அவசியம். ஓர் ஆண்டின் தேவையோடு வேறோர் ஆண்டின் காற்றைப் பொருத்தினால், புழுக்கத்தில் குளிர்சாதனங்கள் ஓடும் நேரத்திலேயே காற்றும் ஓய்ந்துவிடும் ஆபத்து கணக்கிலிருந்து மறைந்துவிடும். தரவின் ஒவ்வொரு கட்டமும் சுமார் 31 கிலோமீட்டர் அகலமானது என்பதால், மலைக் கணவாய்க் காற்றை அப்படியே நம்ப இயலாது.

குறைகளுக்கு வருவோம். வழக்கமான அமைப்பில் மென்பொருளுக்கு ஆண்டு முழுவதும் முன்கூட்டியே தெரியும். அடுத்த வாரம் காற்று ஓயும் என்று இங்கே பேட்டரிக்கு ஜோதிடம் தெரிந்திருப்பதால், அது நேரத்தோடு நிரம்பிக் காத்திருக்கிறது. நகரும் கால எல்லையில், அதாவது ஒரு நேரத்தில் அடுத்த சில நாட்களை மட்டும் காட்டி, மறுபடி இயக்கிப் பார்த்தால்தான் உண்மையான பற்றாக்குறை வெளிப்படும். நிலையங்கள் பழுதடைவதை ஒரே சராசரி விகிதமாகக் கொடுப்பதும் பலரது வழக்கம். 2021 பிப்ரவரியில் டெக்சாஸில் கடுங்குளிரால் எரிவாயுக் கிணறுகளும் அனல் நிலையங்களும் ஒருசேர முடங்கி, உச்சக் கட்டத்தில் சுமார் 20,000 மெகாவாட் தேவையைத் துண்டிக்க நேர்ந்ததே, அத்தகைய நிகழ்வைச் சராசரி விகிதம் காட்டாது. வெப்பநிலையைச் சார்ந்த மணிவாரி உற்பத்தி வரம்பைப் பயனர் தாமே உள்ளிட வேண்டும். அதற்கான இடம் இருக்கிறது, நினைவூட்டல்தான் இல்லை.

பைதான் அறியாதவர்களுக்கு இது உதவாது. அறிந்த திட்டக் குழுக்களுக்குத் தயங்காமல் பரிந்துரைக்கலாம். தொடங்கும்போது, மின்வெட்டையே மிக அதிக விலையுள்ள ஓர் உற்பத்தியாளராகச் சேர்த்துவிடுவது நல்லது. இல்லாவிட்டால் பற்றாக்குறை வரும் ஆண்டுகளில் தீர்வே இல்லை என்று கணக்கு நின்றுவிடும், எந்த மணியில் எவ்வளவு குறைந்தது என்பதும் தெரியாமல் போகும்.