வொந்தூ மலைக்குச் சைக்கிளில் போகிறவர்கள் கவனம்: 1,340 யூரோ கட்டி ஏமாந்த கதை

முந்தநாள் இரவுதான் பரிஸ் வந்து சேர்ந்தோம். கோபம் இன்னும் ஆறவில்லை, எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கோ. தென் பிரான்சில் சைக்கிள் பயணம் ஒழுங்கு செய்து தருகிற ஓர் இணையச் சேவையிடம் நானும் மச்சானும் 1,340 யூரோ கட்டி ஏமாந்திருக்கிறோம். பெயரைப் போட்டால் உனக்குத்தான் வில்லங்கம் என்று விசயம் தெரிந்த ஒருவர் சொன்னதால் பெயர் போடவில்லை. ஆனால் என்ன வகை ஆட்கள் என்று சொல்கிறேன். கடை இல்லை, வழிகாட்டி வரமாட்டான். அறை, வாடகைச் சைக்கிள், பையை ஓர் ஊரில் இருந்து அடுத்த ஊருக்கு ஏற்றிவிடுவது, நாளுக்கு ஒரு ஜிபிஎக்ஸ் கோப்பு (ஓடவேண்டிய பாதையைக் காட்டுகிற கோப்பு), எல்லாம் சேர்த்து ஒரே விலை. நாங்கள் உழக்கினால் மட்டும் போதும். இதை நேர்மையாகச் செய்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அதனால்தான் நம்பினோம். எப்படித் தப்பலாம் என்று கடைசியில் விபரமாக எழுதுகிறேன்.

இரண்டு பேருக்கும் குசினி வேலை. லீவு நாளில் விடிய எழும்பி லோங்ஷாம் குதிரைப் பந்தயத் திடலைச் சுற்றி ஓடுவோம், நேரம் இருந்தால் ஷெவ்ரூஸ் பள்ளத்தாக்குப் பக்கம். ஐம்பது வயதுக்கு முதல் வொந்தூ ஏறவேண்டும் என்பது மச்சானின் ஆசை. 1,910 மீற்றர் உயரம். மூன்று தார் ரோட்டுகள் உச்சிக்குப் போகும். பெதுவான் என்ற ஊரில் இருந்து 21 கிலோமீற்றர் சொச்சம், காட்டுக்குள் ஒன்பது வீத ஏற்றம் விடாமல் வதைக்கும். மலோசேன் பக்கமும் இலேசு இல்லை. சோ என்ற ஊரில் இருந்து 26 கிலோமீற்றர், வழியில் வருகிற ஷலே ரெனார் என்ற இடம் வரை கொஞ்சம் சாந்தமான ஏற்றம், கடைசி ஆறு கிலோமீற்றர்தான் உயிரை எடுக்கும். பன்னிரண்டு மணித்தியாலம் அடுப்படியில் நிற்கிற கால்களுக்கு சோதான் சரி என்று முடிவெடுத்தோம்.

சித்திரையில் அந்தச் சேவையை நடத்துகிறவனோடு ரெலிபோனில் நாற்பது நிமிடம் கதைத்தேன். இந்த நாற்பது நிமிடத்தை நினைத்தால்தான் எனக்கு இப்பவும் எரிகிறது. என்ன கியரில் ஓடுகிறாய், முழங்கால் நோ ஏதும் உண்டா என்று அவனாகவே கேட்டான். முன்னுக்கு 34, பின்னுக்கு 34 பல் இருந்தால்தான் உனக்குச் சரிவரும், பின்னுக்கு 28 போட்ட சைக்கிளைத் தந்தால் வாங்காதே என்றான். வீல்-சூர்-ஓசோன் என்ற ஊரில் போத்தலை நிரப்பிக்கொண்டு வெளிக்கிடு, பிறகு நெஸ்க் பள்ளத்தாக்கு முடியுமட்டும் கடை கண்ணி இல்லை என்றான். வழியில் தண்ணீர் முடிந்தால் சேமக்காலையைத் தேடு, பூக்கன்றுக்கு ஊற்ற அநேகமாக ஒரு குழாய் இருக்கும் என்றான். திங்கட்கிழமையில் சின்ன ஊர்ப் பாண் கடைகள் பூட்டு, ஞாயிறே வாங்கி வை என்றான். எல்லாம் உண்மை! மாதிரிக்கு என்று முதல் நாள் பாதைக் கோப்பையும் அனுப்பினான். வரைபடத்தில் போட்டுப் பார்த்தேன், ஒரு வளைவு பிசகவில்லை. பாதையை இப்படிக் கரைத்துக் குடித்தவன் காசை அமுக்குவானா என்று மச்சானிடம் கேட்டது நான்தான்.

அட்டையில் கட்டினால் நாலு வீதம் கூடும், வங்கி மாற்றம் என்றால் கூடாது என்றான். மத்தியானச் சாப்பாட்டு வேலை முடிந்து, கடைக்குப் பின்னால் உருளைக்கிழங்குப் பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு அதில் இருந்துகொண்டு, எண்ணெய் பட்ட விரலால் 1,340 யூரோவை அனுப்பினேன். இரண்டு பேர், ஐந்து இரவு. அவனுடைய நன்றிக் கடிதம் இரண்டு நிமிடத்தில் வந்தது. அவன் கெதியாகப் பதில் போட்டது அதுதான் கடைசித் தடவை.

முதல் நாள் ஒரு குறையும் இல்லை. இதை அழுத்திச் சொல்கிறேன், சூட்சுமமே இதில்தான் இருக்கிறது. அவிஞ்ஞோன் வரை வேக ரயில், அங்கிருந்து கார்பொந்த்ராவுக்குச் சின்ன ரயில். வாடகைக் கடையில் சைக்கிள் தயாராக நின்றது, பின் பல்லை எண்ணிப் பார்த்தேன், 34. பைகளை ஒரு வான்காரர் வந்து ஏற்றினார். நெஸ்க் பள்ளத்தாக்கு ரோட்டை என்னவென்று சொல்வது! ஒரு பக்கம் குடைந்த பாறை, மறுபக்கம் முழங்கால் உயரக் கல் மதில், அதற்கு அங்கால் பாதாளம். பெரிய ஏற்றம் இல்லை, வாகனமும் குறைவு. கஸ்தெலரா என்ற இடத்தில் நின்று பார்த்தால் எதிரே செங்குத்துப் பாறை. அங்கே மிஸ்த்ரால் என்ற கவிஞருக்கு ஒரு கல் நட்டிருக்கிறார்கள். அந்தப் பக்கம் ஆளைத் தூக்கி எறிகிற காற்றுக்கும் அதே பெயர்தான். பின்னேரம் சோவில் எங்கள் பெயர் எழுதிய அறை, கதவடியில் பை. அவனைப் புகழ்ந்து வீட்டுக்கு மெசேஜ் கூடப் போட்டேன், விசரன்.

இரண்டாம் நாள் மலை. உச்சிக்குக் கிட்ட, 1967 ஆடி 13இல் அந்த ஏற்றத்தில் விழுந்து இறந்த சைக்கிள் பந்தய வீரர் டொம் சிம்ப்சனின் நினைவுக்கல் இருக்கிறது. போகிறவர்கள் போத்தல், தொப்பி என்று வைத்துவிட்டுப் போவார்கள். மச்சான் கழுத்தில் கட்டியிருந்த லேஞ்சியை அவிழ்த்து வைத்து, காற்று அள்ளாமல் மேலே ஒரு கல்லும் பாரம் வைத்தான். உச்சியில் இரண்டு பேரும் அழுதோம், அது வேறு கதை. குளிரில் நடுங்கிக்கொண்டு பெதுவானுக்கு இறங்கி ஹோட்டலில் பெயரைச் சொன்னால், இல்லை. அந்தப் பெண் பாவம், கணினித் திரையைத் திருப்பியே காட்டினாள். அறை கேட்டிருக்கிறார்கள், முற்பணம் வரவில்லை, ஆனி மாதமே அழித்தாயிற்று. ஆடி மாதம், ஊர் முழுக்கச் சனம். பை எங்கே? மலைக்கு அந்தப் பக்கம், சோவிலேயே கிடக்கிறது. வான்காரருக்கு ஒரு ஓட்டத்துக்குத்தான் காசு கொடுத்திருக்கிறான். மச்சானின் பிரஷர்க் குளிசை அந்தப் பைக்குள். அடுத்த நாள் காலை வாடகைக் கடைக்காரர் எடுத்தார்: இரண்டு நாளுக்குத்தான் பணம் வந்தது, சைக்கிளைக் கொண்டுவாறியா, அல்லது அட்டை இலக்கம் தாறியா?

விளங்குகிறதா? முதல் நாள் மட்டும் முழுக்க உண்மை. மிச்சம் வெறும் கடதாசி. மற்ற நாட்களின் கோப்புகளையும் அன்றிரவுதான் பெரிதாக்கிப் பார்த்தேன். ஃபிளாசன் ஊருக்கு மேலே கல்லுக் காட்டுப் பாதைக்குள் கோடு போகிறது, ஏதோ மென்பொருளிடம் குறுக்கு வழி கேட்டு அப்படியே ஒட்டியிருக்கிறான். 25 மில்லிமீற்றர் ரயரோடு அதில் போனால் ரியூப்புக்கு ஒட்டுப் போட்டே பொழுது போய்விடும். கோடையில் தீ அபாயம் கூடிய நாட்களில் அந்தக் காடுகளுக்குள் போகவே தடை போடுவார்கள்.

இனி அவனுடைய பதில்கள். முதல் அழைப்பு, குரல் பதிவு. இரண்டாவது, 'சாப்பாட்டு நேரம், இரண்டு மணிக்குப் பிறகு எடுங்கள்.' மூன்று மணிக்கு எடுத்தால், பிழை எங்கள் பங்காளியுடையது, அவர்களிடம் கேளுங்கள். பங்காளி யார்? அதைச் சொல்ல அனுமதி இல்லையாம். பிறகு ஒரு பெண் குரல், அவர் லீவு, மின்னஞ்சல் போடுங்கள், 48 மணித்தியாலத்தில் பதில் வரும். வந்தது ஐந்தாம் நாள்: பாதைகள் 'வழிகாட்டலுக்கு மட்டும்', அதில் ஓட வாடிக்கையாளருக்கு அனுபவம் போதாது, நல்லெண்ணமாக அடுத்த வருடப் பயணத்துக்கு 15 வீதக் கழிவு. 1,340 யூரோவை விழுங்கியவன் எனக்குக் கழிவு தாறானாம்! படுக்க இடம் இல்லை என்று நான் கேட்க, எனக்குச் சைக்கிள் ஓடத் தெரியாது என்கிறான்.

வங்கிக்கும் போனேன். நீயே அனுப்பிய மாற்றம், திருப்பித் தரச் சொல்லிக் கேட்டுப் பார்க்கலாம், அவன் சம்மதித்தால்தான் வரும் என்றார்கள். அவன் சம்மதிப்பானா? பெதுவானில் கண்ட விலைக்கு எடுத்த அறை, பையை எடுக்க டாக்ஸி, புது ரயில் ரிக்கற், இதெல்லாம் கைக்காசு. அதைச் சேர்க்காமலே 1,340.

விபரமாக எழுதுகிறேன் என்றேன், இரவு வேலைக்கு நேரமாகிறது, கெதியாகச் சொல்லிவிடுகிறேன். தங்குமிடத்தோடு மற்றச் சேவைகளையும் சேர்த்து விற்கிறவன் பிரான்சில் பிரயாண முகவர் பதிவேட்டில் இருக்கவேண்டும். பதிவு இலக்கம் ஐஎம் என்ற இரண்டு எழுத்தில் தொடங்கும், அத்து பிரான்ஸ் என்ற சுற்றுலா அமைப்பின் தளத்தில் எவரும் தேடலாம், பதிந்தவனுக்கு நிதி உத்தரவாதமும் இருக்கும். இவனுடைய பக்கத்தில் அந்த இலக்கமே இல்லை, வந்த பிறகுதான் பார்த்தேன். வங்கி மாற்றம் செய்யவே வேண்டாம், அட்டை என்றால் சண்டை பிடிக்க ஒரு வழியாவது உண்டு. முதல் இரவு அறைக்கு எடுத்துக் கேட்டுப் பிரயோசனம் இல்லை, மூன்றாம் நாலாம் இரவு ஹோட்டல்களுக்கு நீங்களே எடுத்து, பணம் கட்டியாயிற்றா என்று கேளுங்கோ. மருந்தைப் பையில் விடாதீர்கள்.

சிக்னல் கொன்சோ என்ற அரசாங்க நுகர்வோர் தளத்தில் முறைப்பாடு போட்டுவிட்டேன். நாளை பின்னேரம் பொலிசுக்குப் போகிறேன். இதே மாதிரி முதல் நாள் மட்டும் சரியாக நடந்து மாட்டுப்பட்டவர்கள் யாரும் இருந்தால் உள்பெட்டிக்கு எழுதுங்கோ, எந்த மாதம், எவ்வளவு காசு என்று மட்டும் போதும். ஒரு முறைப்பாட்டை விட நாலைந்து சேர்ந்து போனால் பொலிஸ்காரனும் நிமிர்ந்து பார்ப்பான்.