புது வீட்டுச் சுவரில் டிவி சாக்கெட் இருந்ததை நம்பி 410 பவுண்டு இழந்தேன்

லண்டனின் தெற்கு ஓரத்தில் புதிதாகக் கட்டப்பட்ட மூன்று தள வீடு ஒன்றைச் சென்ற ஆண்டு வாங்கிக் குடியேறினோம். இங்கிலாந்தில் புது வீடு வாங்கும் நம்மவர்கள் பலர் இதே வலையில் விழக்கூடும் என்பதால், நடந்ததை விவரமாக எழுதுகிறேன்.

விற்பனைக் கையேட்டில் வரவேற்பறையிலும் எல்லாப் படுக்கையறைகளிலும் டிவி முனைகள் உண்டு என்று அச்சிட்டிருந்தார்கள். சாவி வாங்கிய அன்று பார்த்தபோது சாக்கெட்டுகளும் இருந்தன. வரவேற்பறைத் தகட்டில் டிவி, எஃப்எம், செயற்கைக்கோள் ஒன்று, செயற்கைக்கோள் இரண்டு என நான்கு துளைகளும், மேல் தளங்களின் நான்கு படுக்கையறைகளில் தலா ஒரு துளையும் இருந்தன. எழுபத்தாறு வயதான அம்மாவுக்குக் காலைச் செய்தி பார்த்தே ஆகவேண்டும் என்பதால் முதலில் அவர் அறையில்தான் டிவியைப் பொருத்தினேன். ஒரு சேனல்கூட வரவில்லை. மற்ற அறைகளிலும் அதே நிலைதான்.

கட்டுமான அலுவலகத்தில் கேட்டபோது, டிவி முனை என்றால் சுவருக்குள் கேபிள் இழுத்து வைத்திருக்கிறோம் என்று மட்டுமே பொருள், ஏரியலை, அதாவது சிக்னலைப் பிடிக்கும் ஆன்டெனாவை, நீங்கள்தான் பொருத்திக்கொள்ள வேண்டும் என்றார்கள். ஒப்பந்தத்தின் பின்னிணைப்பிலும் அப்படியே எழுதியிருந்தது. அதைக் கவனிக்காதது என் தவறு. தனி வீடுகளைக் கட்டுபவர்கள் பலர் ஏரியல் பொருத்திக் கொடுப்பதில்லை என்பதும் பிறகுதான் தெரிந்தது. ஆனால், இந்தப் பகுதியில் சிக்னல் பலவீனம் என்று அவர்கள் சேர்த்துச் சொன்னது உண்மையல்ல. லண்டனின் பெரும்பகுதிக்கு ஒளிபரப்பும் 219 மீட்டர் உயரமுள்ள கிறிஸ்டல் பேலஸ் கோபுரம் எங்கள் மூன்றாம் தளத்து ஜன்னலிலிருந்தே தெரியும்.

அந்தப் பொய்தான் அடுத்த இழப்புக்கு வழிவகுத்தது. தெரிந்தவர் ஒருவர் மூலம் ஏரியல் பொருத்துபவர் ஒருவர் வந்தார். தமிழர் என்பதாலும், வாசலில் நின்றே அம்மாவிடம் நலம் விசாரித்ததாலும் கேள்வி கேட்காமல் நம்பிவிட்டேன். பரணில் ஏரியலை வைத்து, அங்கே வந்து நின்ற கேபிள்களை, சிக்னலைப் பல வழிகளாகப் பிரிக்கும் ஒரு ஸ்பிளிட்டரில் இணைத்து 290 பவுண்டு வாங்கிக்கொண்டார். வரவேற்பறையில் படம் வந்தது. அம்மாவின் அறையில் படம் கட்டம் கட்டமாக உடைந்தது; இரண்டு அறைகளில் எதுவும் வரவில்லை. மறுபடி அழைத்தபோது, "அண்ணா, இது சிக்னல் பிரச்சினை, பெரிய ஆம்ப்ளிஃபயர் போட்டால் சரியாகிவிடும்" என்று சொல்லி இன்னொரு 120 பவுண்டு வாங்கினார். சிக்னலைப் பெருக்கும் அந்தக் கருவியைப் போட்ட மாலையே, நன்றாக இருந்த வரவேற்பறைப் படமும் உடையத் தொடங்கியது. அதன்பின் அவர் தொலைபேசியை எடுக்கவே இல்லை. இரண்டு முறை வந்தும் அவர் ஒரு சாக்கெட்டைக்கூடக் கழற்றிப் பார்க்கவில்லை, கையில் அளவிடும் மீட்டரும் கொண்டுவரவில்லை என்பதை நான் மிகவும் தாமதமாகத்தான் உணர்ந்தேன்.

லண்டனில் 2012 ஏப்ரலில் அனலாக் ஒளிபரப்பு நிற்கும்வரை, சிக்னல் குறைந்தால் திரையில் புள்ளிகள் மிகும், கேபிள் பொருத்தம் சரியில்லாவிட்டால் நிழல் உருவம் விழும். கண்ணால் பார்த்தே ஓரளவு காரணத்தை ஊகிக்கலாம். டிஜிட்டலில் அப்படி இல்லை. சிக்னல் குறைந்தாலும், அளவுக்கு மீறினாலும், கேபிளில் கோளாறு இருந்தாலும் படம் ஒரே மாதிரி உடைந்து பின்பு மறைந்துவிடும். எனவே மீட்டர் இல்லாமல் "சிக்னல் பலவீனம்" என்று சொல்பவர் எதையும் கண்டறிந்து சொல்லவில்லை.

மூன்றாவதாக, கட்டணத்தை முன்பே எழுத்தில் தந்த வேறொருவரை அழைத்தேன். அவர் முதலில் பரணில் ஏரியலின் சிக்னலை அளந்தார். சிக்னல் வலிமையின் அலகில் 78 டெசிபெல் மைக்ரோவோல்ட் காட்டியது. டிவிக்குள் நுழையும் இடத்தில் ஏறத்தாழ 45 முதல் 65 வரை இருந்தாலே போதும். நான்கு வழி ஸ்பிளிட்டர் ஒவ்வொரு வழியிலும் சுமார் 8 டெசிபெல் குறைக்கும் என்றாலும், 78-இல் தொடங்கும் சிக்னலுக்கு ஆம்ப்ளிஃபயர் தேவையே இல்லை. அதன் மேல் 26 டெசிபெல் ஏற்றியதால் ஆம்ப்ளிஃபயரே திணறி, எல்லாச் சேனல்களையும் கெடுத்திருந்தது. அதைக் கழற்றியதும் வரவேற்பறை சரியாகிவிட்டது.

அடுத்து ஒவ்வொரு சாக்கெட்டாகத் திறந்தார். அம்மாவின் அறைச் சாக்கெட்டில், கேபிளின் நடுக்கம்பியைச் சுற்றியிருக்கும் உலோக வெளிப்பின்னலிலிருந்து முடி போன்ற ஒரு கம்பி இழை நடுக்கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தது. இரண்டு நிமிட வேலை. இத்தனை நாள் அம்மா படம் பார்க்க முடியாமல் இருந்ததற்கு அந்த இழைதான் காரணம். படம் வராத இரண்டு அறைகளுக்கும் பரணிலிருந்து தனித்தனிக் கேபிள் வரவே இல்லை. ஓர் அறையின் சாக்கெட்டிலிருந்து அடுத்த அறைக்குச் சங்கிலிபோலத் தொடுத்திருந்தார்கள். முதல் சாக்கெட்டின் திருகு இறுகாததால் இரண்டு அறைகளும் போயின. ஒவ்வொரு முனைக்கும் பரணிலிருந்தோ ஒரு பொது அலமாரியிலிருந்தோ தனிக் கேபிள் ஓட வேண்டும் என்பதுதான் முறையான அமைப்பு. மேலும், வீடு முழுவதும் போட்டிருந்தது செப்புப் பூச்சு மட்டும் கொண்ட எஃகு நடுக்கம்பியும், அலுமினியத் தாளின் மேல் இடைவெளி விட்ட மெல்லிய பின்னலும் உடைய மலிவான கேபிள். முழுச் செப்புக் கேபிளுக்கும் அதற்கும் விலை வேறுபாடு ஒரு வீட்டளவில் மிகச் சிறியது. சுவரைப் பிளாஸ்டர்போர்டுப் பலகைகளால் மூடிய பிறகு மாற்றுவதற்கான செலவோ மிகப் பெரியது.

வரவேற்பறையின் நான்கு துளைத் தகட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான்கு துளைகளுக்கு நான்கு கேபிள்கள் இருக்கும் என்று நினைத்திருந்தேன். உண்மையில் பின்னால் வருபவை இரண்டுதான். ஒரு கேபிளில் டிவி, எஃப்எம், முதல் செயற்கைக்கோள் மூன்றும் சேர்ந்து வந்து, தகட்டுக்குள் அலைவரிசைவாரியாகப் பிரிகின்றன. தரைவழி டிவி 694 மெகாஹெர்ட்ஸுக்குள் முடிந்துவிடுவதாலும், செயற்கைக்கோள் கேபிளில் 950-இல் தொடங்கி 2150 வரை போவதாலும் இது சாத்தியமாகிறது. இப்படிப் பிரிக்கும் தகட்டுக்கு மறுமுனையில், அதாவது பரணில், அவற்றைச் சேர்க்கும் கருவி ஒன்று வேண்டும். அதை யாரும் வைக்கவில்லை. இரண்டாவது கேபிளையோ பிளாஸ்டர்போர்டு திருகு ஒன்று துளைத்து உள்ளுக்குள் குறுக்குச்சுற்று ஏற்படுத்தியிருந்தது. செயற்கைக்கோள் சிக்னலைப் பிடிக்கும் டிஷ்ஷின் தலைப்பகுதிக்கு 13 அல்லது 18 வோல்ட் மின்சாரம் இதே கேபிள் வழியாகத்தான் மேலே போக வேண்டும். எனவே அந்தச் சாக்கெட் சுவரில் வெறும் அலங்காரமாகவே இருந்தது.

இந்தச் சோதனையை நாமே ஓரளவு செய்யலாம். பரண் முனையில் எதையும் இணைக்காமல், சாக்கெட்டைக் கழற்றி, நடுக்கம்பிக்கும் பின்னலுக்கும் இடையே சாதாரண மல்டிமீட்டரை வைத்தால் தொடர்பு காட்டக் கூடாது. பரண் முனையில் நடுக்கம்பியையும் பின்னலையும் தற்காலிகமாக இணைத்துவிட்டு மறுபடி பார்த்தால் தொடர்பு காட்ட வேண்டும். பெயர் எழுதாத கேபிள்களில் எது எந்த அறைக்குப் போகிறது என்பதையும் இப்படியே கண்டுபிடிக்கலாம். எங்கள் பரணில் ஒரு கேபிளிலும் பெயரில்லை. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் மட்டும் இதைச் செய்யாதீர்கள்; அங்கே கட்டடம் முழுவதற்கும் பொது ஏரியல் அமைப்பு இருக்கும், பராமரிப்பு நிர்வாகத்திடம்தான் கேட்க வேண்டும்.

கண்டறிந்தவற்றைப் புகைப்படங்களோடும் மீட்டர் அளவுகளோடும் கட்டுநருக்கு எழுதினேன். ஏரியல் பொருத்துவது வாங்குபவர் பொறுப்பாக இருக்கலாம். ஆனால் அவர்களே போட்ட கேபிளைத் திருகு துளைத்திருந்தால் அது அவர்களின் குறை. இங்கு வழக்கமான பத்தாண்டு உத்தரவாதத்தில் முதல் இரண்டு ஆண்டுகள் இத்தகைய குறைகளைக் கட்டுநரே சரிசெய்ய வேண்டும். வாய்வார்த்தையாகக் கேட்டபோது தட்டிக்கழித்தவர்கள், எழுத்தில் கேட்டபின் ஐந்து வாரத்தில் துளைபட்ட கேபிளை மாற்றி, திருகுகளை இறுக்கிக் கொடுத்தார்கள். சங்கிலித் தொடரைப் பிரித்துத் தனிக் கேபிள் இழுக்க மட்டும் மறுத்துவிட்டார்கள். அதற்கான முறையீடு இன்னும் நடக்கிறது.

நீங்கள் இன்னும் கட்டி முடிக்காத வீட்டுக்கு முன்பணம் கொடுத்திருந்தால், பிளாஸ்டர்போர்டு மூடுவதற்கு முன் ஒருநாள் அனுமதி கேட்டுப் போய் எல்லாச் சுவர்களையும் படமெடுத்து வையுங்கள். ஒவ்வொரு முனைக்கும் தனிக் கேபிளா, முழுச் செப்பா, எங்கே போய் முடிகிறது, ஏரியல் விலையில் சேர்ந்ததா என்ற நான்கு கேள்விகளுக்கும் மின்னஞ்சலில் பதில் வாங்குங்கள். குடியேறிவிட்டவர்கள், ஏரியல்காரருக்கு ஒரு பவுண்டு கொடுப்பதற்கு முன், அவர் மீட்டர் வைத்திருக்கிறாரா என்றும், வேலை முடிந்ததும் ஒவ்வொரு அறையின் அளவையும் எழுதித் தருவாரா என்றும் கேளுங்கள். என்னிடம் ஆம்ப்ளிஃபயர் விற்றவரிடம் இதைக் கேட்டிருந்தால் அவர் வாசலோடு திரும்பியிருப்பார்.