தீர்ப்பா, உடன்பாடா: நகரியிலிருந்து ஒரு பார்வை

எங்கள் வீடு ஆந்திரத்தின் தெற்கு ஓரமான நகரியில் இருக்கிறது. இப்பகுதி சென்னை மாகாணத்தில் இருந்தபோது பாட்டி பெயருக்கு எழுதப்பட்ட கிரயப் பத்திரம் தமிழில் உள்ளது. அதே வயலுக்கு நாங்கள் இன்று வாங்கும் அடங்கல் தெலுங்கில் வருகிறது. அண்டை நாடுகளின் எல்லைத் தகராறுகளைப் படிக்கும்போதெல்லாம் இந்த இரண்டு தாள்களும் நினைவுக்கு வருகின்றன.

அத்தகைய தகராறுகளுக்கு உள்ள வழிகளில் பெரியவை இரண்டு: மூன்றாமவர் தரும் தீர்ப்பு, இரு தரப்பும் தாமே செய்துகொள்ளும் உடன்பாடு. கிடப்பில் போடுவதை ஒரு வழியாகவே நான் கருதவில்லை.

தீர்ப்பின் பலம் அதன் தெளிவு. 2014-இல் வங்காள விரிகுடாவில் தகராறுக்குள்ளான 25,602 சதுர கி.மீ. பரப்பில் 19,467 சதுர கி.மீ. வங்கதேசத்துக்கு என்று நடுவர் தீர்ப்பாயம் சொன்னது, இந்தியா ஏற்றுக்கொண்டது. ஆனால், தரையில் நிலைமை வேறு. பிரே விகார் கோயில் கம்போடியாவுடையது என்று சர்வதேச நீதிமன்றம் 1962-இல் தீர்ப்பளித்தும், சுற்றியுள்ள நிலம் யாருடையது என்ற கேள்வி தொங்கி நின்றதால், 2008 முதல் 2011 வரை தாய்லாந்துப் படைகளும் கம்போடியப் படைகளும் அங்கே மோதின. 2013-இல் நீதிமன்றம் மீண்டும் விளக்கம் தர நேர்ந்தது. 2025 ஜூலையில் அவ்வெல்லையில் மறுபடியும் குண்டு வெடித்தது.

உடன்பாடோ ஆமை வேகத்தில் நகரும். இந்தியாவும் வங்கதேசமும் 1974-இல் கையெழுத்திட்ட நில எல்லை ஒப்பந்தம், அரசியலமைப்பின் 100-ஆவது திருத்தத்துக்குப் பின் 2015-இல்தான் நடைமுறைக்கு வந்தது. அப்போது, அடுத்த நாட்டு நிலத்தால் சூழப்பட்ட சிறு பகுதிகளான திட்டுகளில் 111 இந்தியத் திட்டுகள் அங்கே சேர்ந்தன, 51 வங்கதேசத் திட்டுகள் இங்கே சேர்ந்தன. கணக்குப்படி இந்தியாவுக்குச் சுமார் 10,000 ஏக்கர் நட்டம். ஆயினும் அத்திட்டுகளில் வாழ்ந்தவர்கள் எந்த நாட்டுக் குடியுரிமை வேண்டும் என்று தாமே தேர்ந்தெடுத்தார்கள். வழக்காடும் அரசுகளை மட்டுமே தரப்பாகக் கொள்ளும் நீதிமன்றத்தில் இதற்கு ஏது வழி?

எங்கள் எல்லையில் இரண்டும் கலந்தே நடந்தது. ஆந்திரம், சென்னை (இன்றைய தமிழ்நாடு) ஆகிய இரு மாநிலங்களும் ஒப்புக்கொண்ட நடுவரான படாஸ்கர், கிராமத்தை அலகாகவும் பெரும்பான்மை மொழியையும் நிலத் தொடர்ச்சியையும் அளவுகோலாகவும் வைத்தார். 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி அந்தப் பக்கம் போனது, சத்தியவேடு இந்தப் பக்கம் வந்தது. ஆனால் எங்கள் இரு மாநிலங்களுக்கும் மேலே நாடாளுமன்றம் இருந்தது. நாடுகளுக்கு மேலே அப்படி ஒன்றும் இல்லை. ஆகவே உடன்பாட்டை முதலில் எழுதி, இழுபறியாகும் புள்ளியை மட்டும் நடுவரிடம் விடுவதே மேல் என்பேன்.

இந்தியாவும் இலங்கையும் 1974-இல் செய்த கச்சத்தீவு உடன்பாட்டில் மீனவர்களுக்கு நேர்ந்த குறையை நான் மறக்கவில்லை. ஆயினும் அத்தீவின் அந்தோணியார் கோயிலுக்குப் போகும் இந்தியருக்கு விசா தேவையில்லை என்று அதே உடன்பாடுதான் எழுதியது. ஆடிக்கிருத்திகைக்குக் காவடி தூக்கித் திருத்தணிக்குப் போகும் எங்கள் ஊர்க்காரர்களுக்கு அத்தகைய வாசகம் தேவைப்படவில்லை. நடுவில் இருப்பது மாநில எல்லை.