டிடிரெஸ்க்யூ: சாகக் கிடந்த டிஸ்கோடு மூன்று நாள்

அண்ணனுடைய 500 ஜிபி எக்ஸ்டர்னல் டிஸ்க் என் கைக்கு வந்தபோது, ஃபோல்டரைத் திறந்தாலே கம்ப்யூட்டர் தொங்கிவிடும். ஃபைல்களைப் பற்றிக் கவலைப்படாமல் டிஸ்கின் மிகச் சிறிய துண்டான செக்டர்களை, முதலாவதிலிருந்து கடைசி வரை அப்படியே உருவி எடுக்கும் கருவிதான் இதற்குச் சரி. யூனிக்ஸ் காலத்து நகலெடுக்கும் கமாண்டான டிடி இருக்கிறதே என்பீர்கள், இருக்கிறது, ஆனால் படிக்க முடியாத இடம் வந்ததும் நின்றுவிடும். பிழை வந்தாலும் தொடரச் சொல்லும் நோஎரர், படிக்காத இடத்தைப் பூஜ்யத்தால் நிரப்பும் சிங் என்ற இரண்டு ஆப்ஷனையும் சேர்த்து ஓட்டினால் நிற்காது, ஆனால் ஒரே தடவையில் படிக்கும் அளவான பிளாக்கைப் பெரிதாக வைத்திருந்தால் ஒரு கெட்ட செக்டருக்காக அக்கம்பக்கத்து நல்ல செக்டர்களும் பூஜ்யமாகப் போகலாம்.

குனு டிடிரெஸ்க்யூ வேறு மாதிரி. சுலபமாக வருவதை முதலில் அள்ளிக்கொண்டு, முரண்டு பிடிக்கும் இடத்தைத் தாண்டிப் போய், கடைசியில் திரும்பி வந்து ஓரம் ஓரமாகச் சுரண்டும். எங்கே என்ன ஆனது என்பதை மேப்ஃபைல் என்ற சின்ன டெக்ஸ்ட் ஃபைலில் குறித்துக்கொண்டே போகும். இரண்டாம் நாள் 60 சதவீதத்தில் கரண்ட் போச்சு. வந்ததும் அதே கமாண்டைத் தட்டினேன், விட்ட இடத்திலிருந்து ஓடியது. மேப்ஃபைல் கொடுக்காமல் ஓட்டியிருந்தால் அழுதிருப்பேன்.

தலைவலி எல்லாம் கமாண்டில் கொடுக்கவேண்டிய டிஸ்கின் பெயரில்தான். லினக்ஸில் எஸ்டிபி என்று இருந்தது கழற்றி மாட்டினால் எஸ்டிசி ஆகிவிடும், அதனால் ஒவ்வொரு முறையும் டிஸ்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே கமாண்டைப் போட்டு அளவைப் பார்த்துவிட்டுத்தான் என்டர். மேக்கில் டிஸ்க்2 என்று கொடுத்தால் ஆமை வேகம், முன்னால் ஒரு ஆர் சேர்த்து ஆர்டிஸ்க்2 என்றால் சிஸ்டம் இடையில் தேக்கிவைக்கும் பஃபரைத் தாண்டி நேராகப் படிக்கும். அதற்கு முன் மேக்கின் டிஸ்க் கமாண்டான டிஸ்க்யூட்டிலில் அன்மவுண்ட் செய்யவேண்டும், அதாவது டிஸ்கின் ஃபைல்களை மேக் பிடித்திருப்பதை விடுவிக்கவேண்டும். விண்டோஸ் பிசிக்கல்டிரைவ்1 என்று அழைப்பதை, விண்டோஸில் லினக்ஸ் மாதிரி கமாண்டுகளை ஓட்ட உதவும் சிக்வின் எஸ்டிபி என்று காட்டும், அட்மினாகத் திறக்காவிட்டால் கதவே திறக்காது. டெபியன் லினக்ஸில் இதை நிறுவும் பேக்கேஜின் பெயர் ஜிடிடிரெஸ்க்யூ, கமாண்டில் அந்த ஜி கிடையாது, ஏன் இந்தக் குழப்பமோ!

பிடித்த இன்னொன்று: எழுதப்போகும் இடம் ஒரு டிஸ்காக இருந்தால், ஃபோர்ஸ் ஆப்ஷன் கொடுக்காமல் கை வைக்காது. டிடியில் படிக்கும் இடத்தைச் சொல்லும் இஃபையும் எழுதும் இடத்தைச் சொல்லும் ஓஃபையும் மாற்றிப் போட்டவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

குறை என்றால், காலி இடத்தையும் சேர்த்தே எடுக்கும், ஆக 500 ஜிபிக்கு இன்னொரு 500 ஜிபி வேண்டும். உள்ளே டிஸ்க் டிக் டிக் என்று தட்டும் சத்தம் கேட்டால் இதை ஓட்டவே வேண்டாம், டேட்டா ரெக்கவரி ஆட்களிடம் கொடுங்கள்.

எடுத்த இமேஜை, அதாவது டிஸ்கின் முழு நகலை, எதையும் எழுதாதபடி ரீட்-ஒன்லியாக மவுண்ட் செய்து திறந்ததும் அண்ணன் முதலில் தேடியது ஊர்த் தேர்த் திருவிழா வீடியோவை. ஓடுகிறது, நடுவில் ஓரிடத்தில் மட்டும் தேர் அப்படியே உறைந்து நின்று, அப்புறம் நகர்கிறது.